கருவியும் கருத்தாவும்

“என் கை” என்று யாவருஞ் சொல்லுகின்றோம். “என் வீடு”, “என் ஆடை” என்பன போல, இதுவும் உடையவன் வேறு, உடைமை வேறு என்பதைக் காட்டும் வழக்காகும். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்திலே உடலின் வேறாய உயிருண்மையை நிறுவுமிடத்து இவ்வழக்கையும் ஏதுவாகக் கொண்டனர். இக்காலத்து விஞ்ஞானிகள் செய்த ஒரு காரியம் இவ்விஷயத்தை மீளவுஞ் சிந்திக்கத் தூண்டுகின்றது.

அமெரிக்க தேசத்துப் பிற்ஸ்பேர்க் சர்வகலாசாலையார் 2012 ஆம் ஆண்டிலே, கை கால்களை இயக்கமாட்டாதிருந்த 52 வயதுடைய மாது ஒருவரின் மூளையில், இயக்கத்துக்குரிய பகுதியிலே, பக்கமொன்று 4 மில்லிமீற்றர் உடைய இரு சிறு தகடுகளைப் பதித்தனர். ஒவ்வொன்றிலும் 96 மின்வாய்கள் இருந்தன. கையை அசைக்க அவர் எண்ணுந்தோறும் நரம்பணுக்களில் எழுந்த மின்துடிப்பை அவை வாங்கின. கணினி அதனைக் கட்டளையாக மாற்றி, அருகே நின்ற இயந்திரக் கையை இயக்கிற்று. பயிற்சியின் இரண்டாம் நாளிலேயே அவர் அக்கையைத் தம் விருப்பின்படி நகர்த்தினார். 13 வாரத்துள் நகர்த்தல், மணிக்கட்டைத் திருப்பல், பற்றல் ஆகிய ஏழுவகை இயக்கங்களும் அவர் வசமாயின. அக்கையாலேயே சொக்கிலேற்றுத் துண்டொன்றைத் தம் வாய்க்குக் கொண்டுசென்று உண்டார்.

மூளை இதனைக் கற்றவாறு யாதெனின், எண்ணுதலும், கை சென்ற வழியைக் கண்ணாற் காண்டலும், பிழைத்தவிடத்துத் திருத்தலுமே என்க. 2014 இலே குரங்குகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், மூளை முன்னரே பழகிய துடிப்பு முறைகளுக்கு இசைந்த புதுப் பயிற்சி சில மணி நேரத்திற் கைகூடிற்று. இசையாதது அவ்வாறு கைகூடவில்லை. அத்தகையதும் பலநாட் பயிற்சியால் வாய்க்கும் என்பது 2019 இலே வெளிவந்தது.

ஈண்டு உலகாயதர், “எண்ணம் மின்துடிப்பேயாயிற்று, ஆன்மா எற்றுக்கு?” என வினாவுவர். அளக்கப்பட்டது துடிப்பே, உண்ண விரும்பியதும், உண்டு மகிழ்ந்ததும் எவ்வளவையிலும் அகப்பட்டில. மூளையும் கையைப் போல ஒரு கருவியே என்பது நம் கொள்கை. எனினும், இயந்திரக் கை ஆன்மாவை நிறுவிற்று என்று நாம் ஆரவாரித்தலுந் தகாது. மறுத்தது என்று அவர் கூறுதலுந் தகாது.

ஆனால் ஒன்று தெளிவு. அம்மாதின் கைகள் அசைவற்றுக் கிடந்த காலத்தும் உள்ளே விருப்பும் அறிவுங் குறைவின்றி இருந்தன. குறை கருவிக்கே உரியது, கருத்தாவுக்கு அன்று. வேறொரு கருவி வாய்த்தபோது அவை வெளிப்பட்டன.

உபாத்தியாயர்களே! நமது பாடசாலையிலே ஒரு பிள்ளை கோணலாக எழுதுகின்றது. மற்றொன்று திக்கிப் பேசுகின்றது. உடனே “மந்தன்” என்று பெயரிட்டுப் பிரம்பை எடுப்பதுண்டு. அடிபட்டது கை, நாணிக் குன்றியதோ உயிர். கையின் தாமதத்தை உயிரின் மேல் ஏற்றுதல், உடலே உயிரென்னும் உலகாயதத்தை வாயால் மறுத்துக் கையாற் போதித்தலன்றோ? பிள்ளை அறிந்ததிலிருந்து தொடங்குக. தன் பிழையைத் தானே காணச் செய்க. திருத்தற்கு நாட் கொடுக்க. ஓர் இரும்புக் கைக்கு 13 வாரம் பொறுத்தார்கள். சிவன் உறையும் ஆலயமாகிய பிள்ளைக்கு நாம் பொறுத்தல் ஆகாதோ?