பொறுமையும் புகலிடமும்

கணவனிடம் அடிபட்டுப் பிறந்தகம் வரும் பெண்ணிடம் பெற்றோர் முதலில் சொல்வது, ‘பொறுத்துக்கொள்’ என்பதே. வருத்தத்திற்குரிய செய்தி, ஆன்மிகம் பேசுவோரும் பல வேளைகளில் இதையே சொல்கின்றனர். பொறுமை தெய்விகப் பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அடிபடுபவளிடம் கேட்கப்படுவது அந்தப் பொறுமைதானா?

வேதாந்த சாதகனுக்குரிய ஆறு செல்வங்களுள் ஒன்று திதிக்ஷை. துன்பங்களைப் புலம்பலின்றித் தாங்குதல். அது சாதகன் தானே விரும்பி ஏற்பது. பிறர்மீது சுமத்தப்படும் உபவாசம் வெறும் பட்டினி. திதிக்ஷைக்கும் இது பொருந்தும். கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுவாமி விவேகானந்தர் இதைத் தெளிவாக்குகிறார். எதிர்க்கும் ஆற்றல் உள்ளவன் எதிர்க்காதிருப்பதே உயர்ந்த நிலை. ஆற்றலின்றி அடங்கியிருப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. அப்படியானால், அந்தப் பெண்ணுக்கு விலகும் ஆற்றல் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

குடியே எல்லாவற்றிற்கும் காரணம் என்று பலர் முடித்துவிடுகின்றனர். குடி பெருங்காரணம்தான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, அடிக்கடி குடித்து மயங்கும் கணவரைக் கொண்ட பெண்களுள் பத்தில் எழுவர் வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர். ஆனால் குடிக்காத கணவரைக் கொண்டவர்களிலும் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் அடிபட்டிருக்கிறார். அதே ஆய்வில், சொல்லாமல் வெளியே செல்வது, எதிர்த்துப் பேசுவது, சரியாகச் சமைக்காதது போன்ற ஏழு காரணங்களுள் ஒன்றுக்காகவேனும் மனைவியை அடிப்பது நியாயமே என்றவர்கள் ஆண்களில் 44 விழுக்காடு, பெண்களில் 45 விழுக்காடு. இதை மதுவின் மயக்கம் என்று தள்ளிவிட இயலாது. அடிபடுபவளே அடியை நியாயம் என்று நம்புமாறு வளர்க்கப்பட்டிருக்கிறாள்.

இனி, நிழல் தரும் கூரையைப் பற்றிய செய்தி. எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 500 மணமான பெண்களிடையே பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. தம் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களுள் 49 விழுக்காட்டினர் மணவாழ்வில் உடல் வன்முறையை அனுபவித்திருந்தனர். நிலம் மட்டும் உடையவர்களில் இது 18. வீடு மட்டும் உடையவர்களில் 10. இரண்டும் உடையவர்களில் 7. அடிபட்டோருள் சொத்துடையவர்களில் 71 விழுக்காட்டினர் வீட்டைவிட்டு வெளியேறினர்; சொத்தில்லாதவர்களில் 19 விழுக்காட்டினரே வெளியேறினர். மற்றவர்கள் தங்கியதைப் பொறுமை என்று புகழ்வது எவ்வளவு எளிது!

போக இடம் உண்டு என்பது தெரிந்தாலே ஓங்கிய கை தயங்குகிறது போலும். அவ்வாறு இடம் இருந்தும் ஒருத்தி மன்னித்துத் தங்கினால், அந்த மன்னிப்பின் முன் யாரும் தலைவணங்கலாம்.

2005-ஆம் ஆண்டின் சட்டங்கள் இரண்டு இங்கே கருதத் தக்கவை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவி தான் வாழும் இல்லத்தில் தொடர்ந்து வசிக்க உரிமை தருகிறது. அது 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்து வாரிசுரிமைத் திருத்தம் மகளுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கை அளித்தது. ஆயினும் பூஜையும் ஜபமும் தவறாத இல்லங்களிலும், ‘சீர் செய்தாயிற்றே’ என்று சொல்லி, மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுவது இன்றும் வழக்கம். சகோதரனுடன் மனக்கசப்பு வேண்டாம் என்று அவளும் இட்டுவிடுகிறாள். சில ஆண்டுகள் கழித்துக் கன்றிய முகத்துடன் அவள் வந்து நிற்கும்போது, பொறுமையைப் பற்றி அவளுக்கு எடுத்துரைப்பவர்கள் அந்தப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்களே.