திருத்தும் உரிமை

இன்னொருவருடைய வாக்கியத்தைத் திருத்த எனக்கு என்ன உரிமை என்ற கேள்வியை நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு கடிதத்தின் மூலம் அது என்னிடம் வந்தது.

நண்பர் ஜப்பானியர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். ஞாயிறு காலைகளில் ஒரு மணி நேரம் அவருடைய ஆங்கிலத்துக்கு நான். அடுத்த மணி நேரம் என் ஜப்பானியத்துக்கு அவர். பணம் கிடையாது. இருவருமே ஆசிரியர்கள் அல்ல. ஆங்கிலம் எனக்கும் தாய்மொழி அல்ல.

அவரிடம் நான் கண்ட பிழைகள் எனக்கு அந்நியமானவையல்ல. பெயர்ச்சொல்லுக்கு முன் 'ஏ', 'தி' என்பவற்றை விட்டுவிடுவார். ஜப்பானியத்தில் அவை இல்லை, தமிழிலும் இல்லை. "நேற்று நீங்கள் போகவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், போகாதவர் 'எஸ்' என்பார். கேட்டவர் நினைத்தது சரி என்று அதற்கு அர்த்தம். "ஆமாம், போகவில்லை" என்று நாமும்தான் சொல்கிறோம். ஆங்கிலம் அந்த இடத்தில் 'நோ' என்பதை எதிர்பார்க்கிறது. இரண்டில் எதுவும் மற்றதைவிட அதிகத் தர்க்கபூர்வமானது அல்ல. இது தெரிந்திருந்தும் "தப்பு" என்றேன். அப்போது கேட்டது என் குரல் அல்ல. எட்டாம் வகுப்பில் என் கட்டுரையை உரக்கப் படித்து வகுப்பைச் சிரிக்கவைத்த ஓர் ஆசிரியரின் குரல்.

அவரோ என் ஜப்பானியத்தில் தப்பு என்று ஒருமுறையும் சொன்னதில்லை. நான் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, அதையே சரியான வடிவில் தாம் ஒருமுறை சொல்வார். பேச்சு மேலே போகும்.

ஒரு ஞாயிறன்று கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பு வேறு ஊரில் அவருடன் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோயிருந்தார். அவருடைய மனைவிக்கு எழுதிய கடிதம். 'உங்கள் கணவர் எனக்கு டீ கற்றுக்கொடுத்தார். நான் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற பொருளில் இரண்டு வாக்கியங்கள் அதில் இருந்தன. ஆங்கிலத்தில் அவை தடுமாறின. கால வடிவங்களைச் சரிசெய்தேன். அத்தோடு நிற்கவில்லை. டீயை எடுத்துவிட்டு, ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவிக்கும் வழக்கமான வாக்கியத்தை வைத்தேன். நன்றி சொல்லி, அப்படியே பிரதி எடுத்து அனுப்பினார். சில வாரங்களில் பதில் வந்தது. அனுதாபத்துக்கு நன்றி தெரிவிக்கும், அதேபோல வழக்கமான ஒரு வாக்கியம். அந்த அம்மாளைக் குறை சொல்ல எதுவுமில்லை. நான் எழுதியதற்கு அவர் பதில் எழுதினார். என் நண்பர் எழுதியது அவருக்குப் போய்ச் சேரவேயில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? பயிற்சி பெற்ற ஆசிரியனிடம் ஒரு முறையாவது இருக்கும். அது இல்லாதவன், தான் கற்ற விதத்தையே கற்பித்தலாகக் கொடுத்துவிடுகிறான். நான் ஆங்கிலத்தைப் பயத்தின் வழியாகப் பெற்றவன். யாரும் சிரிக்க முடியாத வாக்கியமே எனக்கு நல்ல வாக்கியம். அனுதாப வாக்கியத்தைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. அதில் யாரும் இல்லை.

1818இல், இன்றைய பெல்ஜியத்திலுள்ள லூவேனில், ஜோஸப் ஜாகோதோ என்ற பிரெஞ்சுக்காரர் தம் மொழி தெரியாத மாணவர்களுக்குப் பாடம் நடத்த நேர்ந்தது. அவர்கள் பேசிய பிளெமிஷ் அவருக்குத் தெரியாது. இரு மொழிகளிலும் அச்சான 'தெலமாக்' நாவலை அவர்கள் கையில் கொடுத்தார். அவர்கள் தாமாகவே பிரெஞ்சு கற்றார்கள். தனக்குத் தெரியாததையும் ஒருவன் கற்பிக்கலாம், எல்லா மனித அறிவும் சமமே என்ற முடிவுக்கு ஜாகோதோ வந்தார். ழாக் ரான்ஸியேர் 1987இல் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஜாகோதோவுக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஒரு புத்தகம் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். எங்கள் நடுவே புத்தகம் இல்லை. அந்த இடத்தில் நானே உட்கார்ந்துகொண்டேன்.

அப்படியானால் திருத்தாமலே இருந்துவிடலாமா? அதுவும் நேர்மையாகாது. தொழிற்சாலைக் கூட்டத்தில் அவர் பேசுவதை என்னைப்போலப் பொறுமையாகக் கேட்க யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. பிழையை அழகு என்று சொல்லி ரசிப்பது, அதற்கு விலை கொடுக்க வேண்டியிராதவனின் சொகுசு. இப்போது ஒன்று மட்டும் செய்கிறேன். எது மொழியின் நிர்ப்பந்தம், எது என் பயம் என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன். எப்போதும் முடிவதில்லை.

போன வாரம் ஒரு வாக்கியத்தைக் காட்டி "இது தப்பா?" என்று கேட்டார். "தப்புதான். ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அதில் இருக்கிறது" என்றேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடித்துவிட்டார்.

நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.