பதினைந்தாம் இடத்து மயில்கள்

2022ஆம் ஆண்டில் பங்குனி உத்திரம் மார்ச் 18, வெள்ளிக்கிழமை வந்தது. நெல்லைச் சீமையில் அன்று வீட்டில் ஆள் தங்குவதில்லை. சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போனவர்கள்கூட ரயிலேறி வந்து, தங்கள் குலதெய்வமான சாஸ்தா எந்தக் குளக்கரையில், எந்தக் காட்டுக்குள் இருக்கிறாரோ அங்கே போய்ப் பொங்கல் வைப்பார்கள். இங்கே அப்படி விடிந்துகொண்டிருந்த வேளையில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இன்னும் வியாழக்கிழமை இரவு. அங்கே மயிலைச் சின்னமாகக் கொண்ட ஒரு சிறு கல்லூரியின் கூடைப்பந்து அணி, கென்டக்கி பல்கலைக்கழகத்தைக் கூடுதல் நேரத்தில் 85-79 என்று வென்றது.

அந்தக் கல்லூரியின் பெயர் செயின்ட் பீட்டர்ஸ். நியூயார்க்கிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் ஜெர்சி சிட்டியில், 1872இல் சேசு சபைத் துறவிகள் தொடங்கியது. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இந்தச் சபையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1923இல் நம் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கியவர்களும் இவர்கள்தான். அதற்கும் ஏறத்தாழ முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்று, தமிழில் நூல் அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளாரும் இதே சபை. கூடைப்பந்தும் தூரத்து உறவு அல்ல. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளைத் தொங்கவிட்டு இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். அங்கே பயின்று வெளியேறிய பி.டி. வாத்தியார்கள் வழியாகத் தமிழகத்துப் பள்ளி மைதானங்களுக்குப் பல ஆட்டங்கள் வந்து சேர்ந்தன. ஆகவே அந்த இரவின் கதையை அயலார் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

அந்த ஆட்டம், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கும் பெரிய போட்டியில் ஒன்று. அதில் அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பதினாறு வரை இடம் கொடுத்துவிடுகிறார்கள். கென்டக்கிக்கு இரண்டாம் இடம், செயின்ட் பீட்டர்ஸுக்குப் பதினைந்தாம் இடம். கென்டக்கிப் பயிற்சியாளரின் அப்போதைய ஓராண்டுச் சம்பளம் மட்டுமே செயின்ட் பீட்டர்ஸ் அணியின் ஓராண்டு மொத்தச் செலவைப் போலப் பல மடங்கு. ரேங்க் கார்டைப் பார்த்துப் பிள்ளைகளை வெவ்வேறு செக்‌ஷனில் உட்கார வைக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே விளங்கும். எண் ஒருவர் மீது எழுதப்பட்டுவிட்டால், அதற்குப் பிறகு அவரைப் பார்க்கிறவர்கள் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

செயின்ட் பீட்டர்ஸ் அதோடு நிற்கவில்லை. அடுத்து வந்த மரி ஸ்டேட் தொடர்ந்து 21 ஆட்டங்களில் தோற்காத அணி. அதை 70-60 என்று வென்றார்கள். அதற்கடுத்து, ஏழடி நாலங்குல உயரமுள்ள சாக் ஈடியை நடுவில் நிறுத்தியிருந்த பர்டியூவை 67-64 என்று வென்றார்கள். பதினைந்தாம் இடத்து அணி ஒன்று கடைசி எட்டுக்குள் நுழைந்தது அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவே முதல் முறை. மார்ச் 27 அன்று வட கரோலினா அவர்களை 69-49 என்று வீழ்த்தியது. பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்திரிகைகள் அதிசயம் என்றன, தேவதைக் கதை என்றன. எனக்கு இந்தச் சொற்கள் பிடிப்பதில்லை. சிறியவன் வென்றால் அதிசயம் என்பது பாராட்டுப் போலத் தெரியும். உண்மையில் அது அவன் உழைப்பை எடுத்துத் தெய்வத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. பெரியவனுக்கும் அது வசதி, தோற்றது தன் குறையால் அல்ல என்று சொல்லிக்கொள்ளலாம்.

நடந்தது என்ன என்று பார்த்தால் அங்கே மாயம் எதுவும் இல்லை. ஷாஹீன் ஹாலோவே அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்த முதல் பருவத்தில் வெற்றி 10, தோல்வி 22. நான்காவது பருவமான 2021-22இலும் பிப்ரவரி வரை 12 வெற்றி, 11 தோல்வி. யாரும் திரும்பிப் பார்க்காத கணக்கு. பிறகு தொடர்ந்து பத்து வெற்றி. அவர்கள் ஆட்டத்தின் உயிர் பந்தைக் கூடையில் போடுவதில் இல்லை, போடவிடாமல் தடுப்பதில் இருந்தது. நம் மைதானங்களில் பி.டி. வாத்தியார் மாலை முழுக்கத் தொண்டை கட்டக் கத்துவாரே, “ஏலே, பந்தைப் பாக்காத, ஆளைப் பாருலே!” என்று, அந்த ஒரே பாடம்தான். பந்தைப் பார்ப்பது இயல்பு, எல்லார் கண்ணும் அதன் பின்னாலேயே போகும். ஆளைப் பார்ப்பது பழக்கத்தால் மட்டுமே வரும். தடுப்பாட்டத்தில் தனிப்புகழ் கிடையாது. ஒருவன் தன் ஆளை விட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவன் ஓடி வந்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். அவன் விட்டுவந்த இடத்தை இன்னொருவன் அடைக்க வேண்டும். கூட நிற்பவன் வருவான் என்ற நம்பிக்கை இல்லாதவனால் முன்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அந்த நம்பிக்கை நான்கு நாளில் வருவதில்லை. ஆளில்லாத கூடத்தில், தோல்வி மேல் தோல்வியாகப் போகும் பருவங்களில், ஒருவனை ஒருவன் பார்த்துப் பார்த்து ஊறுவது அது.

கென்டக்கி ஆட்டத்தில் ஒரு கணக்கு என் நினைவை விட்டுப் போகவில்லை. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று விருது பெற்றவர் கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே. அன்றிரவு அவர் 30 புள்ளி எடுத்தார், 16 ரீபவுண்ட் பிடித்தார். ஒரு தனி மனிதன் இதைவிட என்ன செய்ய முடியும்? அவரை அவர்களால் நிறுத்த முடியவில்லை. ஆனால் அவருடைய அணியை நிறுத்திவிட்டார்கள்.

இனி வருவதுதான் மனத்தை அலைக்கழிக்கும் பகுதி. வட கரோலினாவிடம் தோற்ற சில நாளில் ஹாலோவே தான் படித்து ஆடிய செட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போனார். கென்டக்கிக்கு எதிராக 27 புள்ளி எடுத்த டேரில் பேங்க்ஸ் போனார். மாற்று ஆளாக இறங்கி 20 புள்ளி எடுத்த டக் எடர்ட் போனார். மாலி நாட்டிலிருந்து வந்த டிராமே இரட்டையர் போனார்கள். கே.சி. என்டெஃபோ ஹாலோவேயின் பின்னாலேயே செட்டன் ஹாலுக்குப் போனார். அவர்கள் போனதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒருநாளும் யாரும் கேட்காத பிள்ளைகளை முதன்முறையாக நாலு பேர் கேட்கிறார்கள், வீட்டு நிலைமையும் இருக்கும், போகத்தான் வேண்டும். தூத்துக்குடியிலும் அம்பாசமுத்திரத்திலும் பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாக ஆடுகிற பிள்ளையை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னைக் கல்லூரி அழைத்தால் நாம் போகாதே என்றா சொல்கிறோம்? நம் பக்கத்துக் கல்லூரிகள் காலங்காலமாகப் பிள்ளைகளை ஆளாக்கி ரயிலேற்றியே வந்திருக்கின்றன.

ஆனால் போனவர்கள் போன இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. ஹாலோவேயும் என்டெஃபோவும் சேர்ந்திருந்த செட்டன் ஹால் அடுத்த பருவத்தில் 17 வெற்றி, 16 தோல்வி. பெரிய போட்டிக்கே தகுதி பெறவில்லை. மற்றவர்கள் போன அணிகளும் அடுத்த மார்ச்சில் அந்தப் போட்டியைக் கலக்கவில்லை. ஆட்டக்காரர்கள் அதே ஆட்டக்காரர்கள்தான், கை கால் திறமை எதுவும் குறைந்துவிடவில்லை. வென்றது எதுவோ அது மட்டும் அவர்களோடு போகவில்லை. ஏனென்றால் அது பேங்க்ஸிடமும் இல்லை, எடர்டிடமும் இல்லை, பயிற்சியாளரிடமும் இல்லை. அவர்களுக்கு நடுவில் இருந்தது. சீவலப்பேரிக்குக் கீழே ஓடும் தாமிரபரணியில் சிற்றாற்றுத் தண்ணீர் எது என்று ஒருவரும் கைவைத்துக் காட்ட முடியாது. அதுபோல, அந்தப் பத்து நாளின் பலத்தில் இது இன்னாருடைய பங்கு என்று பிரித்து எடுத்துக் கொடுக்க வழியில்லை.

நம் வாழ்வில் மதிப்புள்ளவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். பலம் என்றாலே ஒருவருக்குள் இருப்பது என்று எண்ணிப் பழகிவிட்டோம். மதிப்பெண், சம்பளம், பட்டம் எல்லாம் தனித்தனி ஆளின் மேல் எழுதப்படுவதால் அப்படித் தோன்றுகிறது. ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் உண்டாகும் பலத்தை எழுத எந்த ரேங்க் கார்டிலும் கட்டம் இல்லை. அதனால்தான் அணிகளுக்கு இடம் கொடுத்த தேர்வுக் குழு அதைப் பார்க்கவில்லை, பதினைந்து என்று எழுதியது. பணத்தாலும் அதனால்தான் அதை வாங்க முடியவில்லை. இருந்த இடத்தில் இருந்தவரை அது மெய். பிரிந்தபின் இல்லை என்பதால் அது பொய்யாகிவிடாது.

செயின்ட் பீட்டர்ஸ் 2024இல் மீண்டும் அந்தப் போட்டிக்குப் போனது. புதிய பயிற்சியாளர், மேலே பெயர் சொன்ன 2022இன் நாயகர்கள் யாரும் இல்லை. மறுபடியும் பதினைந்தாம் இடம். டென்னசி 83-49 என்று வென்றது, 34 புள்ளி வித்தியாசம். அந்தப் பிள்ளைகளும் ஆளைப் பார்த்து ஆடப் பழகித்தான் அங்கே வந்திருந்தார்கள். அவர்களை உலகம் நினைவில் வைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நம் கல்லூரிகளில் இன்று ஒரு நல்ல அணி அமைய என்ன வேண்டும் என்று கேட்டால், உள்ளரங்கம் வேண்டும், வெளிநாட்டுப் பயிற்சியாளர் வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. அவையும் வரட்டும். அதற்கு முன்னால் ஐந்தாறு பிள்ளைகள் மூன்று வருடம் பிரியாமல் சேர்ந்து ஆட வழி செய்யலாம். சேரன்மகாதேவியிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் வருகிற பையன் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருப்பதால் பயிற்சியைப் பாதியில் விடுகிறான். பகுதிநேர வேலைக்குப் போகிற இன்னொருவன் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறான். பெண்கள் அணியில் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற கவலை வேறு. விடுதியில் நாலு இடமும், மாலையில் ஒரு சாப்பாடும், தோற்கிற வருடத்திலும் அணியைக் கலைக்காத ஒரு முதல்வரும் போதும். வட மாவட்டங்களில் நடக்கும் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாலும், மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அவர்கள் கோர்ட்டில் நிற்க வேண்டும், ஐந்து பேரும்.