ஓய்வு நேரமாம்!

“துணி என்னுடையது, நூல் பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது, இதற்கா இருநூறு கேட்கிறாய்?”

தையற்காரப் பெண்ணின் வாசலில் நாள்தோறும் ஒலிக்கும் கேள்வி இது. கேட்பவர் கொடியவர் அல்லர். பெரிய கடைக்குள் நுழைந்தால், அச்சிட்ட விலைச்சீட்டைப் பார்த்து, வாய் திறவாது பணத்தை எண்ணி வைத்து, பையைப் பெற்றுக்கொண்டு வருபவர்தான். அங்கே அடக்கம், இங்கே வழக்காடல்! ஏன் இந்த வேறுபாடு? அங்கே விலைச்சீட்டுக்குப் பின்னால் முதல் இருக்கிறது, முதலாளி இருக்கிறார், கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் இருக்கின்றன. இங்கே சன்னலோரத்தில் ஒரு மிதி இயந்திரம், அதன் முன் ஒரு பெண், அவ்வளவே. துணிக்கு விலை உண்டு. நூலுக்கு விலை உண்டு. கொக்கிக்கும் பித்தானுக்கும் விலை உண்டு. அவளுடைய நேரத்துக்கு மட்டும் விலை கிடையாது என்று யார் எழுதினார்கள்? எந்த அவையில் நிறைவேறிய சட்டம் இது?

பேரம் பேசுவோரை இத்துடன் விட்டுவிடுவோம். அவர்களைக் கண்டிப்பது எளிது. கண்டித்துவிட்டு நாளை நாமும் அதே வாசலில் நின்று அதே பேரத்தைப் பேசுவதும் எளிது. நம்மை உறுத்தும் கேள்வி வேறு. அந்தப் பெண்ணே தன் நேரத்துக்கு விலை வைப்பதில்லையே, அது முறையா? “என் உழைப்பு, என் விருப்பம், குறைந்த விலைக்குக் கொடுப்பது என் உரிமை” என்று அவள் கூறினால், அதற்கு மறுமொழி உண்டா?

முதலில் கணக்கு. கையால் பூவேலை செய்த துணிப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்துணி 60 ரூபாய், உள்துணி 20, ஜிப்பும் வாரும் நூலும் 15, ஆக 95. பையை 150 ரூபாய்க்கு விற்கிறாள். “இலாபம் 55 ரூபாய்” என்று மகிழ்கிறாள். வெட்டுவதற்கும், சட்டத்தில் மாட்டிப் பூவேலை செய்வதற்கும், தைத்து முடிப்பதற்கும் 3 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 18 ரூபாய்தான் தேறுகிறது. எட்டு மணி நேரம் முதுகு வளைத்தாலும் 147 ரூபாய் நிறையாது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். மண்வெட்டி பிடிப்போருக்கு அரசு வகுத்த கூலியில் பாதிகூட ஊசி பிடித்தவளுக்கு இல்லை! இதிலும் உடைந்த ஊசியைச் சேர்க்கவில்லை. துணி எடுக்கப் பேருந்தில் போய்வந்த செலவைச் சேர்க்கவில்லை. விற்காமல் அலமாரியில் கிடக்கும் நான்கு பைகளைச் சேர்க்கவில்லை. “நிறம் பிடிக்கவில்லை” என்று திரும்பி வந்த பையையும் சேர்க்கவில்லை.

55 ரூபாய் இலாபமா? இல்லை, தோழர்களே! அது கூலி, அதுவும் குறைந்த கூலி. கூலி போக எஞ்சுவதே இலாபம். அவளுடைய ஏட்டிலோ கூலிக்கு இடமே இல்லை. ஆகவே கூலியே இலாபம் என்னும் வேடம் பூண்டு வந்து நிற்கிறது. ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வெட்கமும் உண்டு. கணக்கு வகுப்பில் அடக்கவிலை, விற்றவிலை, இலாபம், நட்டம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கணக்கில் வருபவர் எப்போதும் மிதிவண்டி வாங்கி விற்கும் வணிகர். தையல் வகுப்பில் காஜா எடுப்பது, ஓரம் மடிப்பது, சங்கிலித் தையல் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே வருபவர் எப்போதும் சிறுமியர். அந்த இரு வகுப்புகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

ஏன் அவள் தன் நேரத்தை எண்ணுவதில்லை? எண்ணாதே என்று அவளுக்குக் கற்பித்திருக்கிறார்கள். “வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறாள்” என்கிறார் கணவர். “பொழுதுபோக்கு” என்கிறார் மாமியார். “ஓய்வு நேரத்தில் வருமானம்!” என்று விளம்பரம் முழங்குகிறது. ஓய்வு நேரமாம்! விடியுமுன் எழுந்து, அடுப்பேற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்து, பிற்பகலில் இயந்திரத்தின் முன் அமர்ந்து, இரவு பாத்திரம் துலக்கியபின் மறுபடியும் ஊசி எடுக்கிறாளே, இதில் ஓய்வு எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது?

இந்த ஓய்வுப் புரட்டை ஆராய்ந்து உரைத்த நூல் ஒன்று உண்டு. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியில் நரசாப்பூர் என்னும் ஊர். அங்கும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பெண்கள் கொக்கி ஊசியால் லேஸ் பின்னுகிறார்கள். அது கடல் கடந்து மேலை நாடுகளுக்குப் போகிறது. செருமானிய ஆய்வாளர் மரியா மீஸ் அங்கே சென்று ஆராய்ந்து 1982-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது என்ன? நாளில் பல மணி நேரம் பின்னிய பெண்கள் தங்களை உழைப்பாளிகள் என்று கூறிக்கொள்ளவில்லை. ‘வீட்டில் இருப்பவர்கள்’ என்றார்கள். வணிகர்களும் அவ்வாறே கூறினர். நூலைக் கொடுப்பவர் ஒருவர். பூக்களை மட்டும் பின்னுபவள் ஒருத்தி. அவற்றை இணைப்பவள் மற்றொருத்தி. முழு விரிப்பின் விலை என்ன, அது எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பது வணிகருக்கு மட்டுமே தெரியும். பின்னுபவள் இல்லத்தரசி, விற்பவர் ஏற்றுமதியாளர்! பட்டத்தைப் பாருங்கள்! ‘அரசி’க்குக் கிடைத்ததோ, கூலிக்காரரின் கூலியிலும் குறைந்த கூலி. அரசி என்று அழைத்து வேலை வாங்கும் கலையில் நம் நாட்டார் தேர்ந்தவர்கள்.

சரி, அவளுடைய உரிமைக்கு வருவோம். கணவருக்குச் சம்பளம் வருகிறது. வீட்டு வாடகையும் அரிசியும் அதில் நடக்கின்றன. இவள் பையை 150 ரூபாய்க்கு விற்றால் யாருக்கு என்ன கேடு? மகிழ்ச்சியாகச் செய்கிறாள், மலிவாகத் தருகிறாள். தியாகம் என்றுகூடப் புகழலாம்.

கேடு அடுத்த தெருவில் இருக்கிறது. அங்கே கணவனை இழந்த ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு, அதே பையைத் தைக்கிறாள். அவளுக்கு வாடகையும் அரிசியும் அந்த ஊசியிலிருந்துதான் வரவேண்டும். 250 ரூபாய் கேட்டால்தான் அடுப்பு எரியும். ஆனால், “அந்தத் தெருவில் 150க்குக் கிடைக்கிறதே” என்கிறார் வாங்குபவர். ஆதரவு உள்ளவளின் பெருந்தன்மை, ஆதரவற்றவளின் கூலியை அறுக்கிறது. ஒருத்தி செய்யும் தியாகத்துக்கு மற்றொருத்தி பட்டினி கிடக்கிறாள்! ஆண் துணையற்ற பெண்டிர் பருத்தி நூற்றுப் பிழைத்ததைச் சங்கப் பாடல்களே காட்டுகின்றன. நம் மொழியில் ‘தையல்’ என்றால் தைக்கும் தொழிலும் உண்டு, பெண் என்னும் பொருளும் உண்டு. அவ்வளவு நெடுங்காலமாக ஊசியும் நூலும் திக்கற்ற பெண்ணின் கடைசிப் புகலிடம். அந்தப் புகலிடத்தின் கூரையை, அன்பின் பெயரால், பெண்ணே பிரித்துப் போடலாமா? இங்கேதான் “என் உழைப்பு, என் விருப்பம்” என்னும் வாதம் தடுமாறுகிறது. விலை என்பது ஒருவர் தம் வீட்டுக்குள் மட்டும் முடிவு செய்யும் செய்தி அன்று. தெரு முழுவதையும் அது தொடுகிறது.

தொடுவது தெருவோடும் நிற்பதில்லை. கைத்தொழில் கொஞ்சம் வளர்கிறது. திருமண மாதம் வருகிறது. முப்பது ரவிக்கைகளுக்கு ஆரி வேலை கேட்டு வருகிறார்கள். தனியாக முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைக்கிறாள். அவளுக்கு என்ன கூலி கொடுப்பது? தன்னுடைய நேரத்தையே மணிக்கு 18 ரூபாய் என்று மதித்தவள், பிறருக்கு 40 கொடுக்க எங்கே போவாள்? “நானே அவ்வளவுதானே எடுத்துக்கொள்கிறேன்!” என்று சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தன்னை ஏமாற்றிக்கொள்ளப் பழகிய கை, வஞ்சக எண்ணம் துளியும் இன்றியே பிறரையும் ஏமாற்றிவிடுகிறது.

கைவேலையின் காசு பெண்ணின் கைக்கே வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்னும் பாதிரியாரின் துணைவி, அங்குள்ள சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலம்; 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. லேஸ் பின்னிய அடிமைப் பெண்கள் சிலர், அந்த வருவாயைக் கொண்டு தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கினர் என்று மிஷன் ஏடுகள் பதிந்திருக்கின்றன. எண்ணிப் பாருங்கள்! சாத்திரம் தராத விடுதலையை ஊசி தந்தது. கற்பித்தவரின் நோக்கம் மதம் பரப்புவது. அதில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அந்தக் காசில் யாரும் ‘ஓய்வு நேரம்’ என்று கழித்துக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்வோம். அதே மண்ணில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணிவதைத் தடுத்து மேல்சாதியார் அடித்துக் கிழித்தார்கள். 1859-இல் அரசாணை வந்தது; அப்போதும் ‘உயர்ந்த’ சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்னும் வாலோடுதான் வந்தது! கிழித்தவர்களின் பெயர் புழுதியில் போயிற்று. தைத்து அணிந்தவர்களின் போராட்டமே வரலாற்றில் நிற்கிறது. தையலைச் ‘சின்ன வேலை’ என்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

பகுத்தறிவு பேசும் தோழர் ஒருவர் இடைமறிப்பார்: “இயந்திரம் வந்தபின் கைவேலை எதற்கு? இராட்டையைத் தெய்வமாக்கியவர்களைப் போல் நீங்களும் ஊசியைத் தெய்வமாக்குகிறீர்களா?” நல்ல கேள்வி. நாம் இயந்திரத்துக்குப் பகைவர் அல்லர். 1830-இல் பிரான்சில் தையல் இயந்திரத்துக்கு உரிமம் பெற்ற திமோனியேவின் பட்டறையை, பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் அடுத்த ஆண்டே உடைத்தெறிந்தார்கள். அவர்கள் அச்சம் புரிகிறது, வழி தவறு. 1860-களில் அமெரிக்க இயந்திரக் குழுமம் ஒன்று சோதித்து வெளியிட்ட கணக்கின்படி, கையால் தைத்தால் 14 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் சட்டை, இயந்திரத்தில் ஒன்றேகால் மணியில் முடிந்தது. மிச்சமான அந்தப் பதின்மூன்று மணி நேரம் தைத்தவளுக்கு ஓய்வாகவா கிடைத்தது? துண்டுக்கூலிதான் இறங்கியது, அவள் மேலும் பல சட்டைகள் தைக்க வேண்டியதாயிற்று. இயந்திரத்தை ஏசுவதில் பயனில்லை. மிச்ச நேரம் யாருடைய பையில் விழுந்தது என்று கேட்பதே பகுத்தறிவு.

ஆகவே, கைவேலை வேண்டாதவர் இயந்திரத்தில் செய்ததை வாங்கட்டும். அதில் இழுக்கு எதுவும் இல்லை. குறைந்த வருவாய் உள்ளவர் தம் பிள்ளைக்கு ஆலைச் சட்டை வாங்குவது அறிவுடைமை. ஆனால், “கையால் செய்ததுதான் வேண்டும், அதில்தான் அழகு இருக்கிறது” என்று விரும்புபவர், உண்மையில் விரும்புவது ஒரு பெண்ணின் மணி நேரங்களை. அவற்றை எடுத்துக்கொண்டு ஆலை விலை கொடுப்பது வாணிகம் ஆகாது. விலையை ஏற்றினால் சில பொருள்கள் விற்காமல் போகும். அதை மறைக்க வேண்டியதில்லை. அத்தகைய பொருள்களை அவள் கைவிடத்தான் வேண்டும். அளவெடுத்துத் தைக்கும் ரவிக்கை, கிழிந்ததைத் தெரியாமல் சீர்செய்வது, உடல் ஊனமுற்றோருக்கு ஏற்ற ஆடை, இவை போன்று ஆலையால் செய்ய இயலாதவற்றில் கை இறங்கட்டும். ஆலையோடு போட்டியிட்டு மலிவுப் பை தைப்பது, தொடர்வண்டியோடு ஓடிப் பார்ப்பது போன்றது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால், கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. இயந்திரம் வந்துவிட்டது, கூலி? வீட்டிலிருந்து பிறருக்காக உழைப்போரும் தொழிலாளரே என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் தன் 177ஆம் உடன்படிக்கையில் கூறியது. 1972-இல் அகமதாபாத்தில் எலா பட் தொடங்கிய ‘சேவா’ சங்கம் அதற்காகப் பல்லாண்டு வாதாடிற்று. இந்தியா அந்த உடன்படிக்கைக்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை.

சட்டம் வரும்போது வரட்டும். வரும்வரை ஒரு சிறு செயல் நம் கையிலேயே இருக்கிறது. பொருளோடு ஒரு துண்டுச் சீட்டு: துணியும் நூலும் இவ்வளவு, கை நேரம் இத்தனை மணி, மணிக்கு இவ்வளவு, ஆக இவ்வளவு. சீட்டைக் கண்டு சிலர் முகம் சுளிப்பர். சிலர், “ஆறு மணி நேரமா ஆயிற்று?” என்று முதன்முறையாகக் கேட்பர். ஒருத்தி மட்டும் எழுதினால் அவளை விட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். ஆகையால் ஒரு தெருவில் ஊசி பிடிக்கும் நால்வரும் கூடி, மணிக்கு இதற்குக் குறைவதில்லை என்று பேசிவைத்துக்கொண்டு எழுத வேண்டும். நம் மன்றங்களில் மாலை நேரத்தில் செய்தித்தாள் படிக்கும் இளைஞர்கள் அந்தச் சீட்டை அச்சடித்துக் கொடுக்கலாம். தம் வீட்டுத் திருமணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, சீட்டில் உள்ளதை அப்படியே எண்ணி வைக்கலாம். “அத்தைக்கும் சித்திக்கும் எப்படிச் சீட்டு நீட்டுவது?” என்று தயங்குவோர் உண்டு. பரிசாகத் தர விரும்பினால் தாராளமாகத் தரட்டும். அப்போதும் மணி நேரத்தை எழுதி, அதன் எதிரே ‘பரிசு’ என்று எழுதிவிட்டுத் தரட்டும்.