நம்பச் சொல்லும் உரிமை

கொரோனா தடுப்பூசி வந்த முதல் ஐந்து மாதங்களில், 2021 மே தொடக்கம் வரை, அமெரிக்காவின் சில பெரிய மருத்துவ அமைப்புகளில் பதிவான கர்ப்பிணிகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கெடுத்தது. கர்ப்பகாலத்தில் ஒரு தவணையாவது போட்டுக்கொண்டவர்கள் மொத்தத்தில் 16.3 சதவீதம். ஆசிய வம்சாவளியினரில் 24.7, வெள்ளையரில் 19.7, கறுப்பினப் பெண்களில் வெறும் 6. அறியாமை, வதந்தி, ஃபேஸ்புக் என்று காரணம் சொன்னவர்கள் ஏராளம். எல்லாக் குறையும் அந்தப் பெண்களிடமே இருப்பதாகப் பேச்சு. மருந்து நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம்பு என்று ஒருவரிடம் சொல்லும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு எங்கிருந்து வருகிறது? நம்பிக்கை குறைந்துவிட்டதே என்று புலம்புவதைவிட, நம்பத் தகுந்தவராக நாம் இருக்கிறோமா என்று கேட்பதே முறை என்பது தத்துவ அறிஞர் ஒனோரா ஓநீலின் வாதம். அறத்தின் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொடங்கினால் பழைய ஏடுகள் புரளும். 1840களில் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்ஸி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் உடலில் மயக்கமருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து தன் முறையைத் தேற்றிக்கொண்டார். 1932 முதல் 1972 வரை அதே அலபாமாவின் டஸ்கெஜீயில் சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களை அரசு சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. மனைவிமாருக்கும் நோய் தொற்றியது. இதனிடையே, 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகின. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க அவற்றைப் பெருமளவில் வளர்த்தது அதே டஸ்கெஜீ கல்வி வளாகத்தில். ஓரிடத்தில் கறுப்பின விஞ்ஞானிகளின் உழைப்பில் உலகைக் காக்கும் ஊசிக்கான வேலை. அதே ஊரில் மருந்து மறுக்கப்பட்ட நோயாளிகள். இதைக் கற்பனையாக எழுதினால் மிகை என்று பத்திரிகை ஆசிரியர் அடித்திருப்பார்.

பழங்கதையைச் சொல்லி எத்தனை காலம் ஓட்டுவது, பலருக்கு டஸ்கெஜீ பெயரே தெரியாதே என்று கேட்கலாம். தெரிய வேண்டிய அவசியமில்லை. 2021இல் அமெரிக்காவில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குக் கறுப்பினத் தாய்மார் இறப்பு 69.9, வெள்ளையரில் 26.6. வலிக்கிறது என்று சொல்லியும் கவனிக்கப்படாமல் பிரசவ அறையில் கிடந்த அக்காளோ சித்தியோ இருந்தால் போதும், வரலாற்றுப் புத்தகம் எதற்கு? போதாக்குறைக்கு, கொரோனா தடுப்பூசியின் முதற்கட்டப் பெரிய சோதனைகளில் கர்ப்பிணிகளையே சேர்க்கவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்று அந்த மாதங்களில் நினைத்தவரை மூடர் என்பது அநியாயம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கிருமிக்கு வரலாறு தெரியாது. ஊசி போடாததன் கேடு அந்தத் தாய்க்கும் சிசுவுக்கும்தான். உண்மை. சந்தேகத்தில் நியாயம் இருப்பதாலேயே முடிவு சரியாகிவிடாது. அவநம்பிக்கையைப் பெருமைப்படுத்தும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தவறான முடிவைத் திருத்தும் பொறுப்பு, அதற்குக் காரணமான தரப்புக்கே முதலில் உரியது. இன்னொரு சாரார், இது நம்பிக்கைச் சிக்கலே அல்ல, சம்பளத்தோடு விடுப்பில்லை, பக்கத்தில் மருத்துவமனை இல்லை, அவ்வளவுதான் என்பார்கள். அதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் இரண்டையும் பிரிக்க முடியுமா? எட்டாத தூரத்தில் இருக்கும் மருத்துவமனை, உன்னைப் பற்றி எனக்கு அக்கறையில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிடுகிறது.

ஃபிலடெல்ஃபியாவில் ஏலா ஸ்டான்ஃபோர்ட் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் 2020 முதல் செய்தது இந்த இரண்டு முடிச்சையும் சேர்த்து அவிழ்த்த காரியம். தேவாலயங்களின் கார் நிறுத்துமிடங்களில் பரிசோதனை தொடங்கினார்; பிறகு ஊசி. 2021 பிப்ரவரியில் அவர் குழு இருபத்துநான்கு மணி நேரமும் ஊசி போட்டபோது, நடுங்கும் குளிரில் ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடளவில் கறுப்பின, வெள்ளையினப் பெரியவர்களிடையே ஊசி போட்டுக்கொள்வதில் இருந்த இடைவெளி பெரிதும் சுருங்கியது. மறுப்பவர்கள் என்று எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோர் காத்திருந்தவர்கள்.