மூன்று நாள் விருந்தும் நாற்பது ஆண்டு அண்டையும்

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. விருந்தினரைக் கண்ணியப்படுத்துமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும், விருந்தோம்பலின் காலம் மூன்று நாள் என்றும் அதற்குமேல் அளிப்பது தர்மம் என்றும் வரையறுத்தார்கள். வீட்டாருக்குச் சிரமம் உண்டாகும் வரை தங்கியிருத்தல் விருந்தினருக்கு ஆகாது என்பதும் அவர்கள் தந்த அறிவுரையே. ஈகைக்கும் ஓர் எல்லை உண்டு என்னும் மனித இயல்பை அறிந்து வகுக்கப்பட்ட நெறி இது.

அப்படியானால், நான்காம் நாள் திரும்பிச் செல்ல வீடில்லாதவரை என்னென்று அழைப்பது? அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் யாது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் அமைந்துள்ளன. 1983-ஆம் ஆண்டு தொடங்கிப் பல கட்டங்களில் தமிழகம் வந்தடைந்தோர் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டவர். பலர் திரும்பிச் சென்றனர். 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 58,800 பேர் முகாம்களிலும், 34,000 பேர் முகாம்களுக்கு வெளியிலும் வாழ்ந்தனர். அவ்வாண்டில் அரசு ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. புதிய வீடுகள் கட்டித் தரவும் முன்வந்தது. பெயர்ப் பலகை மாறுவது நல்ல தொடக்கமே. ஆனால் பலகையில் மாறிய சொல் நம் நாவிலும் மாற வேண்டுமல்லவா?

அங்கே பிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணமும் மன்னாரும் பாட்டி சொல்லக் கேட்ட ஊர்கள். நம் ஊர்ப் பள்ளியில் படித்து, நம் ஊர்ப் பேச்சைப் பேசி, நம் கடற்கரையில் விளையாடி வளர்ந்த பிள்ளை அது. எனினும், 1987 ஜூலை 1 முதல் இந்நாட்டில் பிறந்தவர், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை பெற இயலாது. அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையரைத் தன் வரம்பிற்குள் கொள்ளவில்லை. சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. அண்டை வீட்டாரை எப்படி நடத்துவது என்பதோ முற்றிலும் நம் கையில் உள்ளது.

உள்ளூராருக்கும் குறைகள் உண்டு. “நம் பிள்ளைகளுக்கே வேலையில்லை, குறைந்த கூலிக்கு அவர்கள் வந்து நிற்கிறார்கள்” என்று கூலித் தொழிலாளி ஒருவர் சொன்னால், அதைக் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது. அவருடைய அடுப்பும் எரிந்தாக வேண்டும். ஆனால் குறைந்த கூலிக்கு உடன்படுபவன் வேறு வழியற்றவன் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் குடும்பங்களில் வளைகுடா செல்லாதவர் எத்தனை பேர்? முப்பது ஆண்டுகள் பாலையில் உழைத்தும் அந்நாட்டுக் குடியாகாமல், இகாமாவைச் சட்டைப் பையில் சுமந்தே முதுமை எய்தியவர்கள் நம் தந்தையரும் தமையன்மாரும். அவர்களுக்கேனும் திரும்பி வர ஒரு வீடு காத்திருந்தது.

“ஒரே மொழி பேசுவோரிடையே பிணக்கு எப்படி வரும்?” என்று கேட்கலாம். மொழியின் பேரால் போராடி 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்த மாவட்டத்தார் இப்படிக் கேட்பது இயல்பே. இதற்குப் புத்தளம் விடை தருகிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட இலங்கையின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. ஏறத்தாழ எழுபத்தைந்தாயிரம் பேர் வீடிழந்தனர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். புத்தளத்து முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டு உணவளித்தனர். மொழி ஒன்று, மார்க்கமும் ஒன்று. எனினும் ஆண்டுகள் நீள நீள, காணிக்கும் கூலிக்கும் பள்ளி இடத்திற்கும் நிவாரணத்திற்கும் போட்டி மூண்டது. அங்கேயே பிறந்த குழந்தையும் ‘அகதி’ என்றே அழைக்கப்பட்டது. ஆகவே, இன உறவும் மார்க்க உறவும் கதவைத் திறக்க உதவும்; காலமெல்லாம் கூடி வாழ அவை மட்டும் போதா.

வேறென்ன வேண்டும்? மதீனாவைப் பார்ப்போம். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை அன்ஸார்கள் உடன்பிறந்தாராக ஏற்றனர். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவிற்கு வழி காட்டுமாறு மட்டுமே கேட்டார். தங்கள் பேரீச்ச மரங்களைப் பங்கிட்டுத் தருமாறு அன்ஸார்கள் வேண்டியபோதும் நபிகளார் (ஸல்) உடன்படவில்லை. வந்தவர்கள் தோப்பில் உழைப்பது, விளைச்சலை இருவரும் பகிர்வது என்றே ஏற்பாடாயிற்று. கைபர் வெற்றிக்குப் பின், அன்ஸார்கள் கனியுண்ணக் கொடுத்திருந்த மரங்களை முஹாஜிர்கள் திருப்பி அளித்தனர்.

இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. வாங்கிக்கொண்டே இருப்பவன் நாளடைவில் கூனிப்போகிறான். கொடுத்துக்கொண்டே இருப்பவனுக்குச் சலிப்பும் செருக்கும் ஒருங்கே வருகின்றன. உழைக்கவும், திருப்பித் தரவும் வாய்ப்புப் பெற்றவனே நிமிர்ந்து நிற்கிறான். நான்காம் நாளில் விருந்தாளி அண்டை வீட்டாராகிவிட வேண்டும். விருந்துக்குத்தான் நாள் கணக்கு. அண்டை வீட்டார் உரிமைக்கு அது இல்லை. மத வேறுபாடும் அதற்கு இல்லை. ஆட்டை அறுத்தவுடன், யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்று வீட்டாரிடம் வினவிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் செய்தி நாம் அறிந்ததே.

வெளியூரார் ஒருவரால் ஓர் ஊர் எவ்வளவு பெறக்கூடும் என்பதற்குத் தக்கலையே சான்று. பீர் முஹம்மது அப்பா அவர்கள் அகதியாக வந்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் பிறந்தது தென்காசியில். இன்று தக்கலை என்றதும் நம் நினைவில் எழுவது அப்பாவின் பெயரே.

ரமலானில் நம் வீட்டு நோன்புக் கஞ்சி முகாமுக்கும் போகிறதென்றால் மகிழ்ச்சி. பொங்கலன்றோ கிறிஸ்துமஸ் அன்றோ அவர்கள் தரும் பலகாரத்தை நம் பிள்ளைகள் வாங்கி உண்கிறார்களா? அவர்கள் வீட்டுத் திருமணத்தில் நாம் அமர்ந்திருக்கிறோமா? அண்டை வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பலாகாது என்று நம் வீட்டுப் பெண்கள் காத்துவரும் வழக்கம் ஒன்று உண்டு. அதைப் போலவே, அவர்களும் நம் பாத்திரத்தை நிறைத்து அனுப்ப இடம் கொடுப்போம். அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக!