சுமக்கும் தூரம்

வேட்டை துப்பாக்கியில் தொடங்குகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில் ஒரு நண்பரின் வீட்டில் தங்கியிருந்தபோது, அது பென்சிலில் தொடங்குவதைப் பார்த்தேன்.

அண்டை வீட்டுக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அக்டோபரில் மானும் எல்க்கும் வேட்டையாட ஏப்ரலிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டு, ராக்கி மலையின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்தார். எல்க் நம் கடமானுக்கு உறவு. நன்றாக வளர்ந்த ஆண் 300 கிலோகூட இருக்கும்.

வரைபடத்தில் ஒரு பள்ளத்தாக்கைப் பென்சிலால் அடித்திருந்தார்.

"அங்கே எல்க் கிடையாதோ?" என்றேன்.

"நிறைய உண்டு. ஆனால் சுட்டால் மேலே கொண்டுவர என்னால் முடியாது."

கணக்கையும் சொன்னார். எலும்பு நீக்கினாலும் ஏறக்குறைய 100 கிலோ இறைச்சி தேறும். மூவாயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சு முட்டும் செங்குத்துச் சரிவில், ஒரு நடைக்கு 25 கிலோ சுமந்தால் நான்கு நடை. வெயில் ஏறினால் அதற்குள் இறைச்சி கெட்டுப் போகும். உண்ணத்தக்கதை வீணாக விடுவது அங்கே சட்டப்படி குற்றம்.

"அந்தப் பள்ளத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன்.

"அதனால்தான் இங்கேயே முடிவு செய்கிறேன். அது எதிரே வந்து நின்றுவிட்டால் என்னை நம்ப முடியாது" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஆசை எதிரே வந்து நிற்கும்போது மனச்சாட்சியைக் கூப்பிட்டால், அது தாமதமாகத்தான் வரும். நல்லவன் என்று நாம் சொல்கிறவன் ஆசையே இல்லாதவன் அல்லன். தன்னை அறிந்து, முன்கூட்டியே ஒரு கோட்டை அடித்துவைத்தவன்.

வேட்டைக்காரருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எத்தனை நடை சுமந்தாலும் போன உயிர் திரும்பாது. அந்தக் கணக்கு அவர் வரைபடத்தில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைக் கிலோ கறியைப் பையில் போட்டுக்கொண்டு வருகிற நான், அதை அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? கொன்றதன் பாரத்தை அவர் தோள் அறியும். என் கை அறிந்ததெல்லாம் அரைக் கிலோதான்.

அந்த அரைக் கிலோ இப்போது கொஞ்சம் கனக்கிறது.